மூன்றாவது கம்பம் தாண்டிவிட்டால்

ஏழு கம்பெனிகள், ஏழு விதமான அட்டவணைகள். ரயில்காரர்கள் தடித்த புத்தகமாக அச்சடித்து அனுப்புவார்கள். டிராம்காரர்கள் பெரிய படம் வரைந்து அனுப்புவார்கள்; ஒவ்வொரு டிராமும் ஒரு சாய்ந்த கோடு, பார்த்தால் காகிதத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். பெரிய பஸ் கம்பெனி மாதத்துக்கு ஒரு தலைப்பை மாற்றி ஷீட் அனுப்பும். விமான நிலைய வண்டிக்காரர் எதையும் எழுதவே மாட்டார், போனில் சொல்லுவார். படகுத்துறையிலிருந்து மட்டும் ஆறு வருடமாக, மாதத்தின் கடைசி வேலை நாளில், மாலை நான்கு மணிக்கு, ஒரே பக்கத்தில் ஒரே மாதிரி அட்டவணை போய்ச் சேரும்.

அதை அனுப்புகிறவளைத் துறையில் எல்லோரும் நிமிஷக்காரி என்று கூப்பிட்டார்கள். மணி கேட்டால் அவள் ஒன்பதே கால் என்று சொல்ல மாட்டாள். ஒன்பது பதினாலு என்பாள். கேட்டவர் சிரித்துவிட்டுப் போவார். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. உலகத்தில் எல்லாமே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது, அட்டவணை ஒன்றாவது நேராக இருக்கட்டும் என்பது அவள் கட்சி.

ஏழு கம்பெனிகளும் ஒரே அட்டவணை கொடுக்க வேண்டும் என்று நகராட்சி முடிவெடுத்தபோது சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒற்றை அட்டவணையிலிருந்துதான் நிறுத்தங்களில் உள்ள பலகை, பயணிகளின் போன், ஓட்டுநர் முன்னால் பொருத்தப்போகும் சின்னப் பெட்டி மூன்றும் நேரத்தை எடுத்துக்கொள்ளும். எந்த வடிவத்தில் கொடுப்பது என்று தீர்மானிக்க ஏழு பேரையும் ஒரு நீள மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள்.

இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, சி.எஸ்.வி. என்கிற கட்டம். ஒரு வண்டிக்கு ஒரு வரி. புறப்படும் இடம், நேரம், சேரும் இடம், நேரம், இடையில் கமா. அவ்வளவுதான். மற்றது எக்ஸ்.எம்.எல். அதில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒரு கொக்கி. பெட்டிக்குள் பெட்டி மாதிரி கொக்கிக்குள் கொக்கி. அதைக் கொண்டுவந்தவர் ரயில் கம்பெனியின் பொறியாளர். ஒல்லியான, கழுத்து முன்னால் நீண்ட மனிதர். அன்று மத்தியானத்துக்குள் நிமிஷக்காரி அவருக்கும் கொக்கி என்றே பெயர் வைத்துவிட்டாள். மாலைக்குள் அந்தப் பெயர் மேஜையைச் சுற்றி வந்துவிட்டது.

"சார், எங்க ஆபீஸ்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில போட்டா அது எந்திரிக்கவே பத்து நிமிஷம் ஆகும். பதினோரு படகு நேரத்தை எழுத நானூறு கொக்கி போடச் சொல்றீங்க. நான் படகு விடறதா, மீன் பிடிக்கறதா?" என்று அவள் கேட்டாள்.

மேஜை சிரித்தது. கொக்கியும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

"இன்னைக்கு உங்ககிட்ட இருக்கறது நேரம் மட்டும்தான் மேடம். நாளைக்கு வேற ஏதாவது சொல்லணும்னா கட்டத்துல எங்க எழுதுவீங்க?"

"நேரத்தைத் தவிர அட்டவணையில வேற என்ன சார் இருக்கு?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் பெரிய பஸ் கம்பெனிக்காரர் மேஜையைத் தட்டி, "அந்தம்மா சொல்றதுதான் சரி" என்றார். ஒருங்கிணைப்பாளர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிற பழக்கமுள்ள ஒரு மூத்த அம்மாள், கைகளை எண்ணினார். கட்டத்துக்கு ஐந்து, கொக்கிக்கு இரண்டு. ஒரு மாதம் கட்டத்தை வைத்துச் சோதனை, மாதக் கடைசியில் இறுதி முடிவு என்று எழுதிக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து தங்கையிடம் வாய் ஓயாமல் சொன்னாள் நிமிஷக்காரி. சின்னவள் சீருடைக்கு பட்டன் தைத்துக்கொண்டே உம் கொட்டினாள். அக்காளும் தங்கையும் ஆற்றின் அக்கரையில், இரண்டாவது மாடியில், ஒரு சமையலறையும் ஒன்றரை அறையும் உள்ள வீட்டில் இருந்தார்கள். சின்னவளுக்கு இக்கரையில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. முதல் படகைப் பிடித்து, துறையிலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டும். ஆறு மாதம் தற்காலிகம், அதற்குப் பிறகு நிரந்தரம். தற்காலிகமாக இருக்கும்போது மூன்று முறை தாமதம் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏழு மணிக்கு இரும்பு வாசல் மூடும். இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவள் தாமதமாகப் போனதில்லை.

சோதனை தொடங்கிய முதல் நாளே தாமதம். இரண்டாம் நாளும் தாமதம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சின்னவள் கைப்பையை மேஜை மேல் போட்ட வேகத்தில் உப்பு ஜாடி சாய்ந்தது.

"பஸ் போயிடுச்சு. படகு கரையைத் தொடறதுக்குள்ள போயிடுச்சு. நேத்தும் அப்படித்தான். நேத்து யாரோ புது டிரைவர்னு நினைச்சேன். இன்னைக்கும் அதே தொப்பிக்காரர்தான், ஜன்னல்ல தெரியுது. கையைக் காட்டறேன், ஓடறேன். நிக்கலை."

"ஓடறதுக்கு என்ன அவசியம்? படகு ஆறு பத்துக்கு வருது. பஸ் ஆறு பதினாலுக்கு. நாலு நிமிஷம் இருக்கே."

சின்னவள் அவளைப் பார்த்தாள். கோபத்தில் இருக்கிறவர்கள் பார்க்கிற பார்வை இல்லை அது. ஒரு குழந்தையைப் பார்க்கிற பார்வை.

"உன் படகு எத்தனை மணிக்கு வரும்னு நீயே ஒரு நாள் வந்து பாரு."

மறுநாள் சின்னவளுக்கு வார விடுமுறை. அவள் தூங்கிக்கொண்டிருக்க, நிமிஷக்காரி கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆறு வருடமாக எட்டு மணிக்கு விடும் பெரிய படகில் வந்து எட்டேகாலுக்கு ஆபீஸ் மாடி ஏறியவள். முதல் படகு வேறு, பழையது; அதை அவள் எழுதியிருக்கிறாளே தவிர, ஏறியதில்லை.

படகில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள், அது சரியாக இருந்தது. ஆனால் நடு ஆற்றில் நீரோட்டம் படகின் தோளைப் பிடித்துத் தள்ள, எஞ்சின் முனகிக்கொண்டே ஏறியது. இக்கரைக்கு அருகில் ஆழம் காட்டுவதற்காகத் தண்ணீரில் மூன்று கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். முதல் கம்பத்தைத் தாண்டும்போதே மணி ஆறு எட்டு. மூன்றாவதைத் தாண்டும்போது ஆறு பன்னிரண்டு. படகு துறையைத் தொட்டபோது ஆறு பதினேழு. கரையில் பஸ் இல்லை. விடிகாலைத் தூறலில் நனைந்த தரையில், பஸ் நின்ற இடத்தில் ஈரம் படாத ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது.

"எப்பவும் இப்படித்தானா?" என்று படகோட்டியிடம் கேட்டாள்.

"எப்பவும் பதினேழுதான். பெரிய எஞ்சினைக் கழட்டிட்டு இந்த ஒரு படகுக்கு மட்டும் இதை மாட்டினாங்களே, அதுலேருந்து."

"அது எப்போ?"

"அஞ்சு வருஷம் இருக்கும்."

"யாரும் என்கிட்ட சொல்லலையே."

"யாரும் கேக்கலையேம்மா. பஸ்ஸுதான் நின்னுட்டிருந்துதே."

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஐந்து வருடம், மாதம் தவறாமல், அவள் அனுப்பிய அந்த அழகான ஒற்றைப் பக்கத்தின் முதல் வரியே பொய். நிமிஷக்காரி என்ற பெயரை நினைத்ததும் காது சூடாயிற்று.

தொப்பிக்காரரை அன்று பத்து மணிக்கு டிப்போ வாசலில் பிடித்தாள். மழையோ வெயிலோ கம்பளித் தொப்பியைக் கழற்றாத மனிதர். கண்ணாடித் தம்ளரில் டீயை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் நிக்கறதில்லைன்னு கேக்க வந்தீங்களா? அதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் ஏன் நின்னேன்னு யாராவது கேட்டீங்களா?"

"இப்ப கேக்கறேண்ணே."

அவர் ஒரு வாய் டீ குடித்தார். யோசித்தார்.

"என் சீட்டுலேருந்து பார்த்தா ஆறு தெரியும். பதினாலாச்சுன்னா தலையைத் தூக்கிப் பாப்பேன். படகு மூணாவது கம்பம் தாண்டியிருந்தா, நிப்பேன். தாண்டலைன்னா ஏதோ கோளாறு, கிளம்பிடுவேன். அவ்வளவுதான் கணக்கு. யாரும் சொல்லிக் கொடுக்கலை. எனக்கு முன்னாடி ஓட்டினவர் அப்படித்தான் பண்ணினார்."

"இப்ப?"

"இப்ப பெட்டி வெச்சிருக்காங்கல்ல. பதினாலுக்குப் பச்சை எரியும். எரிஞ்சு ஒரு நிமிஷத்துல வண்டி நகரலைன்னா ஆபீஸ் திரையில என் பேரு சிவப்புல வருமாம். மாசத்துல அஞ்சு சிவப்பு வந்தா கூப்பிட்டு அனுப்புவாங்க." தம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கும் ரெண்டு பொண்ணுங்கம்மா. உங்க தங்கச்சி ஓடி வர்றதை நான் கண்ணாடியில பார்க்காம இல்லை."

பெட்டி தன் புத்தியால் அதைச் செய்யவில்லை. அவள் கொடுத்த கட்டத்தில் படகு ஆறு பத்து, பஸ் ஆறு பதினாலு என்று இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது எதற்கு நிற்க வேண்டும்? தங்கையின் வேலையில் இரண்டு தாமதத்தை எழுதியது தன் கைதான் என்று அவளுக்குப் புரிந்தது. அதோடு உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை அவள். எழுதின கையே சரி செய்யட்டும் என்று மாடி ஏறினாள்.

முதலில் படகின் நேரத்தை ஆறு பதினேழு என்று திருத்திப் பார்த்தாள், அனுப்பாமல், சோதனைத் திரையில் மட்டும். திரை உடனே சொன்னது: இணைப்பு இல்லை, அடுத்த பஸ் ஆறு ஐம்பத்திரண்டு. அதாவது பொய் சொன்னால் சின்னவள் ஓடுவாள், உண்மை சொன்னால் ஓடக்கூட மாட்டாள். படகுத்துறை மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம படகு லேட்டுன்னு நாமளே எழுதிக் கொடுக்கறதா? அதை அப்படியே விடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து, குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் "படகு வரும்வரை பஸ் நிற்கும்" என்று எழுதினாள். குறிப்பைப் பெட்டி படிப்பதில்லை. அது மனிதர்களுக்காம்.

பிறகு பெரிய பஸ் கம்பெனிக்காரருக்குப் போன் செய்து, ஆறு பதினாலை ஆறு இருபது ஆக்க முடியுமா என்று கேட்டாள்.

"எதுக்கு? ஞாயித்துக்கிழமை முதல் படகே கிடையாது. பனி நாள்ல கிடையாது. அன்னைக்கெல்லாம் ஆறு நிமிஷம் என் வண்டி ஆத்தைப் பார்த்துட்டு நிக்கணுமா? அதுவும் போகட்டும், அந்த வண்டி அன்னைக்கு இன்னும் இருபத்திரண்டு தடவை போகணும். முதல் வரியை நகர்த்தினா இருபத்திரண்டும் நகரும்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. போனை வைத்துவிட்டு அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிப் படகு வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு வரி உண்டு. கீழே நிற்கிற பஸ்ஸுக்கு ஒரு வரி உண்டு. தொப்பிக்காரர் தலையைத் தூக்கிப் பார்க்கிற அந்தப் பார்வை எந்த வரியில் இருக்கிறது? அது படகுக்குச் சொந்தமில்லை, பஸ்ஸுக்கும் சொந்தமில்லை. இரண்டுக்கும் நடுவில், தண்ணீருக்கு மேலே, எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கிறது. கட்டத்தில் வண்டிகளுக்கு இடம் இருக்கிறது. வண்டிகளுக்கு நடுவில் இருப்பதற்கு இடமில்லை.

அன்று மாலை ரயில் கம்பெனியின் மூன்றாவது மாடியில் கொக்கியின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் எழுந்து நாற்காலியில் இருந்த காகிதக் கட்டை எடுத்துத் தரையில் வைத்தார்.

"மீன் பிடிக்க வந்தீங்களா மேடம்?"

"பிடிக்கத்தான் சார். அன்னைக்கு நான் பேசினதுக்குப் பழி வாங்கறதுன்னா சீக்கிரம் வாங்கிடுங்க. எனக்கு ஏழு இருபது படகு."

அவர் பழி வாங்கவில்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், மூன்றாவது கம்பத்தைப் பற்றி இரண்டு முறை கேட்டார். பிறகு வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார். காத்திருப்பு என்று ஒரு கொக்கி திறந்தது. அதற்குள் சின்னச் சின்னக் கொக்கிகள்: யார் காத்திருப்பது, யாருக்காக, அதிகபட்சம் எத்தனை நிமிடம், எந்த நாட்களில், எந்த இடத்தைத் தாண்டியிருந்தால். கடைசியில் பெரிய கொக்கி மூடியது. படகில் இடம் காட்டும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பார்த்துப் பெட்டி தானாக முடிவு செய்யும்.

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதரின் பதினோரு வருட நல்ல குணம் ஏழு வரியில் இருந்தது.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே சார்."

"நேரத்தைத் தவிர என்ன இருக்குன்னு கேட்டீங்க. எனக்கும் சட்டுனு தெரியலை. ஏதோ இருக்கும்னு மட்டும் தெரியும்." கழுத்தைச் சொறிந்தார். "ஆனா இதை எழுதற சாஃப்ட்வேர் உங்க கம்ப்யூட்டர்ல ஓடாது."

மேலாளர் அதைவிடத் தெளிவாகச் சொன்னார். புது கம்ப்யூட்டருக்கு வழியில்லை. கொக்கி வடிவம் வந்தால் அட்டவணை வேலையைப் பெரிய பஸ் கம்பெனியிடமே ஒப்படைத்துவிடுவோம். "அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை இருக்கும்னு நீயே யோசி. கட்டத்துக்குக் கை தூக்கினவ நீதான். இப்ப உன் காலுக்குக் கீழயே ஏன் தோண்டற?"

அவள் யோசித்தாள். படகில் யோசித்தாள், படியில் யோசித்தாள், பாத்திரம் கழுவும்போது யோசித்தாள். சின்னவள் வீட்டில் இல்லை. மூன்றாவது தாமதம் வந்துவிடக் கூடாதென்று தொழிற்சாலைக்குப் பக்கத்தில் தோழி வீட்டில் பாயும் தலையணையுமாகப் போய் இறங்கியிருந்தாள். அதுவும் முதல் தேதி வரைக்கும்தான். அன்று அந்தத் தோழியின் நாத்தனார் குடும்பம் வருகிறது. புது வடிவம் அமலுக்கு வருவதும் முதல் தேதிதான். சாஃப்ட்வேர் இல்லையென்றால் என்ன, எழுத்துதானே, கையால் எழுதினால் ஆகாதா என்று கேட்டுக்கொண்டு அவள் கையைத் துடைத்தாள்.

"கையாலயா?" என்றார் கொக்கி போனில். "ஒரு கொக்கியைத் திறந்து மூட மறந்தா முழு ஃபைலும் கவுந்துடும் மேடம். பெட்டி ஒரு வரியைக்கூடப் படிக்காது."

"மறக்க மாட்டேன் சார்."

"எல்லாரும் மறப்பாங்க."

"அப்போ மறுபடி மூடறேன்."

தினமும் வேலை முடிந்து, ஏழு இருபது படகு வரை, அந்தப் பழைய கம்ப்யூட்டரில் நோட்பேட் என்கிற வெறும் எழுத்துப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினாள். பதினோரு படகு, ஆறு நாள், பனிநாள் விதி. முடித்ததும் கொக்கிக்கு அனுப்புவாள். அவர் சரிபார்க்கும் கருவியில் போட்டுவிட்டுப் பதில் அனுப்புவார். முதல் நாள் பதில்: நாற்பத்து மூன்று பிழை. இரண்டாம் நாள்: நாற்பத்தெட்டு. "கூடியிருக்கே சார்" என்றதற்கு, "முன்னேற்றம்தான், நேத்து பாதியிலேயே அது படிக்கறதை நிறுத்திடுச்சு, இன்னைக்குக் கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுது" என்றார். பிறகு இருபது, பிறகு ஒன்பது. ஒரு வாரம் கழித்து ஒன்று. அந்த ஒன்றை இரண்டு நாள் தேடினாள். கண் எரிந்தது. ஓர் இடத்தில் சின்னக் கொக்கிக்கு முன்னால் பெரிய கொக்கியை மூடியிருந்தாள். குழந்தையை வெளியே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டின மாதிரி. திருத்தி அனுப்பினாள். பதிலில் ஒரே எண், பூஜ்யம்.

கடைசிக் கூட்டம் அதே நீள மேஜையில். ஒருங்கிணைப்பாளர் அம்மாள் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். சோதனை நன்றாக நடந்திருக்கிறது, வண்டிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியான நேரத்தில் கிளம்பியிருக்கின்றன, கட்டத்தையே நிரந்தரமாக்கலாமா என்று கேட்டார்.

நிமிஷக்காரி எழுந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போன தடவை கட்டத்துக்கு வாதாடினவ நான்தான். அந்த ஓட்டை நான் திருப்பி வாங்கிக்கறேன்."

"ஓட்டு என்ன செருப்பா, அளவு சரியில்லைன்னு திருப்பறதுக்கு?" என்றார் பெரிய பஸ் கம்பெனிக்காரர்.

"கடிக்குதே சார். என் காலை இல்லை, முப்பத்தி நாலு பேர் காலை. வண்டிங்க சரியான நேரத்துக்குத்தான் கிளம்புது. ஏற வேண்டியவங்களை விட்டுட்டுக் கிளம்புது."

முதல் படகையும் தொப்பிக்காரரையும் மூன்றாவது கம்பத்தையும் பற்றிச் சொன்னாள். தன் அட்டவணை ஐந்து வருடமாகத் தப்பு என்பதையும், குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். மேலாளரின் முகம் அவள் கண்முன் வந்து போயிற்று. அதை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

"இதுக்குப் போய் கொக்கியா? கட்டத்துலயே ஒரு பத்தி கூடுதலா போட்டா போச்சு" என்றார் பெரிய பஸ் கம்பெனிக்காரர்.

"யார் கட்டத்துல சார்? என் வரியில போட்டா உங்க பெட்டி அதைப் படிக்காது. உங்க வரியில போடறதுக்கு எனக்கு உரிமை இல்லை. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு, பனிக்கு ஒண்ணு, கம்பத்துக்கு ஒண்ணுன்னு போட்டுட்டே போனா அது கட்டமா இருக்காது, கொக்கியாவும் இருக்காது. யாருக்கும் புரியாத ஒண்ணா இருக்கும்."

"உங்க ஒரு படகுக்காக ஏழு கம்பெனியும் மாறணுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் டிராம் கம்பெனிப் பெண்மணி தொண்டையைக் கனைத்தார். அதுவரை தன் மழைப் படத்தைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தவர்.

"எங்க ஏழாம் நம்பர், மருத்துவமனை ஷிப்ட் முடியற மணி அடிக்கற வரைக்கும் நிக்கும். எங்கயும் எழுதலை. இந்த மாசம் நிக்கலை. நர்ஸுங்க என்னை வழியில நிறுத்தி ஏசறாங்க."

விமான நிலைய வண்டிக்காரர் சிரித்தார். "நான் ஏன் போன்லயே சொல்றேன்னு நினைச்சீங்க? எழுதினா மாட்டிக்குவேன். என் ஆளுங்க ரயில் வர்றதைப் பார்த்துட்டுத்தான் கிளம்புவாங்க."

"எங்க கிளை ரயிலை ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு கைக்குட்டையைக் காட்டி நிறுத்துவார்" என்றார் கொக்கி, யாரையும் பார்க்காமல். "கைக்குட்டைக்கு எங்க புத்தகத்துல பக்கம் இல்லை."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஏழு பேரில் ஆறு பேரிடம் எழுதப்படாத ஒரு நிற்றல் இருந்தது. நகரம் இத்தனை நாள் ஓடியது அட்டவணையால் இல்லை, அட்டவணையை மீறி நின்றவர்களால்தான் என்று அப்போதுதான் மேஜைக்குத் தெரிந்தது. பிறகு கைகளை எண்ணினார்கள். கொக்கிக்கு ஐந்து, கட்டத்துக்கு இரண்டு. பெரிய பஸ் கம்பெனிக்காரர் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "சின்னக் கம்பெனிங்க இதை எப்படி எழுதுவாங்கன்னு பார்க்கறேன்" என்றார். நிமிஷக்காரி பையிலிருந்து முப்பது பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் முதல் பக்கத்தைப் புரட்டினார், கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு மெதுவாக அவள் பக்கம் தள்ளினார்.

வேலையை வெளியே கொடுக்கும் பேச்சை மேலாளர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு புது விசைப்பலகை மட்டும் வந்திருந்தது.

முதல் தேதி காலை ஆற்றின் மேல் மெல்லிய தூறல். சின்னவள் முந்தின நாளே பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு பேரும் படகின் முன்பக்கத்தில் நின்றார்கள். சின்னவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்று தவறினால் மூன்று.

தூறலில் எஞ்சின் வழக்கத்தைவிட அதிகமாக முனகியது. முதல் கம்பம், ஆறு பத்து.

"ரெண்டு நிமிஷம் கூட லேட்டு" என்றாள் சின்னவள்.

"தெரியும்."

"எத்தனை நிமிஷம் எழுதியிருக்க?"

"எட்டு. ஆறு இருபத்திரண்டு வரைக்கும் நிக்கலாம். அதுக்கு மேல நின்னா நின்னும் பிரயோஜனமில்லை, வாசல் மூடிடும்."

"அது மூணாவது கம்பம் தாண்டியிருந்தாத்தானே?"

அவள் தலையை ஆட்டினாள். ஆறு பன்னிரண்டு. இரண்டாவது கம்பம் பின்னால் போயிற்று. ஆறு பதிமூன்று. கரையில் பஸ்ஸின் இரண்டு விளக்குகள் தூறலில் பூசினாற்போலத் தெரிந்தன. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கம்பத்தைப் பார்த்தாள். பச்சைப் பாசி ஏறிய அந்த மரம் மெதுவாக, வேண்டுமென்றே செய்வதுபோல மெதுவாக, படகின் மூக்கைத் தாண்டி, அவள் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. அப்போதுதான் மணி பார்த்தாள். ஆறு பதினாலு.

விளக்குகள் நகரவில்லை. ஆறு பதினைந்து. ஆறு பதினாறு. நகரவில்லை.

ஆறு பத்தொன்பதுக்குப் படகு கரையை இடித்தது. சின்னவள் பலகை போடும் முன்பே தாவினாள். மற்றவர்களும் ஓடினார்கள், ஒரு மாதப் பழக்கம். தொப்பிக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிஷக்காரி கடைசியாகப் போய்ப் படியருகே நின்றாள். அவர் முன்னால் பெட்டியில் மஞ்சள் எழுத்தில் 'காத்திரு' என்றும், பக்கத்தில் இரண்டு என்றும் இருந்தது. அவள் பார்க்கும்போதே அது ஒன்று ஆயிற்று.

"பார்த்தீங்களா? பதினோரு வருஷமா நான் மனசு வெச்சு நின்னேன்" என்றார் தொப்பிக்காரர். "இப்ப இது சொல்லுது, நில்லுன்னு. உத்தரவு போடுது."

"சிவப்பு வரலையே அண்ணே?"

"வரலை. ஆனாலும் பதினாலுக்கு நான் தலையைத் தூக்கிப் பாத்துட்டேன். அது சொன்னதுக்கு அப்புறம் இல்லை, முன்னாடியே." தொப்பியைச் சரி செய்தார். "ஏறறீங்களா, இல்லை இதையும் எழுதிக்கப் போறீங்களா?"

அவள் சிரித்துக்கொண்டே பின்வாங்கினாள். கதவு மூடியது. ஆறு இருபத்தொன்று. ஆறு ஐம்பத்தேழுக்கு அது தொழிற்சாலை வாசலில் நிற்கும். ஜன்னல் ஓரத்தில் சின்னவள் தெரிந்தாள். கையை ஆட்டவில்லை, பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்கியிருந்தாள். பஸ் கிளம்பின இடத்தில் ஈரம் படாத நீள்சதுரத்தின் மேல் தூறல் ஒவ்வொரு புள்ளியாக விழ ஆரம்பித்தது.

ஆபீஸ் மாடிக் கதவின் சாவி அவளிடம் இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, அது எழுந்திருக்கும் பத்து நிமிடமும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஃபைலைத் திறந்து, முதல் படகு சேரும் நேரத்தைத் தேடிப் போனாள். இரண்டு கொக்கிகளுக்கு நடுவில் ஆறு பத்து என்று இருந்தது. அப்படியே விடு என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

பஸ் இப்போது காத்திருக்கும், உண்மையை எழுதினாலும் இணைப்பு போகாது. ஆறு பத்தை அழித்தாள். ஆறு பதினேழு என்று எழுதினாள். கொக்கி மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அனுப்பினாள்.